தேய்மானம்

தமிழ் சினிமாவில் ஒரு நல்ல மனுஷர் ஸ்கூட்டரில் போகிறார். கோர்ட்டில் உண்மையைச் சொல்லக் கிளம்பியிருப்பார், அல்லது மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்திலிருந்து வாங்கிக்கொண்டு வருவார். எதிரே ஒரு லாரி வருகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதை உங்கள் வீட்டு எட்டு வயசுக் குழந்தையே சொல்லிவிடும்.

அந்த லாரியை ஓட்டியவர் யார் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? ஸ்டியரிங்கில் இரண்டு கை, ஆக்ஸிலரேட்டரில் ஒரு செருப்புக் கால். அவ்வளவுதான் அவர். 1971-ல் ஸ்பீல்பெர்க் டெலிவிஷனுக்காக எடுத்த 'டூயல்' படத்தில் ஒரு டேங்கர் லாரி ஒரு காரைத் துரத்து துரத்து என்று துரத்தும். டிரைவரின் முகத்தைக் கடைசி வரை காட்டவே மாட்டார். முகம் தெரியாவிட்டால்தான் நமக்குப் பயம் வரும் என்று கணக்குப் போட்டுச் செய்தது அது. நம்மவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. டிரைவருக்கு முகம் தேவை என்றே தோன்றவில்லை.

விதிவிலக்குகள் இருக்கின்றன. 1981-ல் சிவாஜி 'லாரி டிரைவர் ராஜாக்கண்ணு'வாக வந்தார். 2019-ல் 'கைதி'யில் கார்த்தி ராத்திரி முழுக்க லாரி ஓட்டினார். நன்றாகவே இருந்தது. ஆனால் அவர்கள் கதாநாயகர்கள். இருபது பேரை அடித்துப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள், முதுகு வலிக்காது. இந்த வாரம் நான் பேச நினைப்பது முதுகு வலிக்கிற டிரைவரைப் பற்றி. கொஞ்சம் வயசானவர். ராத்திரியில் எதிர் வண்டி லைட் பட்டால் நாலு விநாடி ஒன்றுமே தெரியாதவர்.

அவரை ஒழுங்காக உட்கார்த்திப் படமெடுத்த ஒருவர் இருக்கிறார். இவான் அய்ர். படத்தின் பெயர் 'மீல் பத்தர்', அதாவது மைல்கல். 2020-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டினார்கள். 2021 மே மாதம் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த சமயம். ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருந்த ஊரில் லாரி டிரைவர் படத்தை யார் பார்ப்பார்கள்? வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அந்தச் சிலிண்டர்களையும் லாரி டிரைவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கதை சின்னது. காலிப் என்கிற டிரைவர், டெல்லிப் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. நடு வயதைத் தாண்டியவர். மனைவி சமீபத்தில் இறந்துபோயிருக்கிறார். மனைவியின் வீட்டார் நஷ்டஈடு கேட்கிறார்கள். சுமை ஏற்றுகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இருப்பதால் மூட்டையை இவரே தூக்க, முதுகு பிடித்துக்கொள்கிறது. இதற்கு நடுவில் இவர் வண்டி 5 லட்சம் கிலோமீட்டரைத் தொடுகிறது. கம்பெனியில் வேறு யாரும் தொடாத தூரம். பூமியைப் பன்னிரண்டரை தடவை சுற்றிவந்த கணக்கு. நிலாவுக்கே 3 லட்சத்து 84 ஆயிரம்தான். அங்கே போய்விட்டுத் திரும்பும் வழியில் கால்வாசிக்கு மேல் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசாக அவருக்கு என்ன கிடைக்கிறது? வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒரு இளைஞனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிவிடுகிறார்கள். பையன் பெயர் பாஷ். அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று காலிப்புக்குப் புரிகிறது, நமக்கும் புரிகிறது.

காலிப்பாக நடித்திருப்பவர் சுவிந்தர் விக்கி. 'கோரா' தொடரில் போலீஸ்காரராக வந்தாரே, அவர்தான். முகத்தில் அதிகம் எதுவும் செய்வதில்லை. கேபினிலிருந்து இறங்கும்போது ஒரு கை கதவைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை இடுப்புக்குப் போகிறது. பத்து பக்க வசனத்துக்குச் சமம். இந்த வேலையை விட்டுப் போய்விடேன் என்று பாஷிடம் அவர் கேட்கிற ஒரு கட்டம் வருகிறது. அரை லட்சம் அல்ல, 5 லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர் நேற்று வந்த பையனிடம் கெஞ்சுகிறார். நம் ஊர்ப் படமாக இருந்தால் அங்கே வயலின் வைத்திருப்பார்கள்.

ஆனால் படத்தில் என்னைத் தூங்கவிடாதவர் காலிப் இல்லை. தில்பாக். காலிப்பின் நண்பர், அவரைவிட மூத்த டிரைவர். ராத்திரியில் கண் சரியாகத் தெரியவில்லை என்று அவரைக் கம்பெனி நிறுத்திவிடுகிறது. அவருக்குப் படத்தில் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு தர்மசங்கடமான கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கண் தெரியாதவர் ராத்திரி லாரி ஓட்டக் கூடாது. சரிதானே? சரிதான். கம்பெனி செய்ததில் தப்பே இல்லை. அப்புறம் ஏன் நமக்கு நெஞ்சை அடைக்கிறது? வண்டியிலிருந்து இறங்கு என்று சொன்னவர்கள், இறங்கி எங்கே போகவேண்டும் என்று சொல்லவில்லை. அதனால்தான்.

நம் ஊர் தில்பாக்குகள் எங்கே போகிறார்கள் என்று நான் சொல்கிறேன். நாவலூருக்கு வருகிறார்கள்.

ஓ.எம்.ஆரில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் ஒன்றியம், நாவலூர் ஊராட்சி. பெயர் ஊராட்சிதான், நிற்பதெல்லாம் இருபது மாடி. சாலைக்கு ராஜீவ் காந்தி பெயர். கண்ணாடிக் கட்டடங்கள், மால், பல திரை தியேட்டர், தாண்டினால் சிறுசேரி சிப்காட். எல்லாம் இருக்கிறது, தண்ணீரைத் தவிர. தெற்கே கொஞ்ச தூரத்தில் நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லேயே வந்துவிட்டது. ஆனாலும் இங்கே பல அடுக்ககங்களின் தொட்டியை நிரப்புவது தண்ணி லாரிதான். 12,000 லிட்டர், 24,000 லிட்டர். விடிவதற்கு முன் அது வந்து ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்தான் பாதிப் பேருக்கு அலாரம்.

அந்த லாரிகளின் ஓட்டுநர் இருக்கையை ஒரு நாள் கவனியுங்கள். நரைத்த தலைகள் நிறைய. லைன் வண்டியில் மும்பை, நாக்பூர், கல்கத்தா என்று போய்வந்தவர்கள், உடம்பு முடியாமல் போனால் 'லோக்கல்' வண்டிக்கு இறங்கி வருவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். தண்ணி லாரி, ஜல்லி லாரி, ஸ்கூல் வேன் என்று படிப்படியாகக் கீழே வரும். தினமும் வீட்டுக்குப் போகலாம், ஹைவேயில் தூங்கவேண்டாம் என்பது லாபம். நடைக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் எத்தனை நடை அடிக்கிறாரோ அத்தனை பணம். அதாவது, வேகம் குறைந்துபோன ஒருவரை, வேகத்துக்குக் காசு கொடுக்கிற வேலையில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறோம்.

இன்னொரு விஷயம். பல சாலைகளில் நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை. நல்ல விதிதான், நாம் ஆபீஸ் போகவேண்டாமா? ஆனால் அதன் விளைவு என்ன? வேலை இருட்டு நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. ராத்திரி கண் தெரியவில்லை என்றுதானே ஐயா லைன் வண்டியை விட்டார்!

இங்கே 'மீல் பத்தர்' மேல் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. படத்தில் கிழவரின் இடத்தைப் பிடிக்க இளைஞன் வருகிறான். நம் பக்கத்தில் நிலவரம் தலைகீழ். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி முதலாளிகளைக் கேளுங்கள், 'டிரைவர் கிடைக்கலீங்க' என்பதுதான் முதல் வாக்கியம். டிரைவரின் மகன் டிரைவராக வர மறுக்கிறான். வந்தாலும் டூ வீலரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறானே தவிர, டாரஸ் லாரியில் ஏறுவதில்லை. அவனைக் குறை சொல்ல முடியுமா? கனரக லாரி கேபினில் ஏ.சி. இருக்கவேண்டும் என்கிற விதியே 2025 அக்டோபருக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்குத்தான். அதுவரை சித்திரை வெயிலில் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்டினார்கள். ஆக, இங்கே வயசானவரைத் துரத்த யாரும் இல்லை. இறங்கச் சொல்லவும் யாரும் இல்லை. தில்பாக்கின் கம்பெனியாவது அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா? நான் பி.காம். படித்தவன். மறக்காமல் இருப்பது தேய்மானம் ஒன்றுதான். ஒரு முதலாளி 30 லட்சத்துக்கு லாரி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது வருஷா வருஷம் தேயும். வாடகைக்கு ஓடுகிற லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் எழுதலாம் என்பது பல வருஷமாக இருக்கிற ஏற்பாடு. முதல் வருஷம் 9 லட்சம், இரண்டாவது வருஷம் மிச்சத்தில் 30 சதவீதம்... இப்படியே போனால் ஐந்து வருஷத்தில் புத்தகத்தில் லாரியின் மதிப்பு 5 லட்சத்துக்கு வந்துவிடும். ஏன் இந்தச் சலுகை? தேய்ந்த வண்டிக்குப் பதில் இன்னொரு வண்டி வாங்க முதலாளி காசு சேர்க்கவேண்டும் என்பதற்காக. நியாயம்தான்.

அதே லாரியில் அதே ஐந்து வருஷம் இன்னொரு பொருளும் தேய்ந்தது. ஒரு முதுகெலும்பு, இரண்டு முழங்கால், இரண்டு கண். அதற்கு எந்தப் பத்தியில் எழுதுவது? எங்கள் வாத்தியார் சொல்லித்தரவில்லை. சம்பளச் செலவு என்று ஒரு வரியில் முடிந்துபோகும்.

பரிசோதனை விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. எட்டு வயது தாண்டிய லாரியை வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி.க்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். பிரேக், லைட், டயர் எல்லாம் பார்ப்பார்கள். ஓட்டுகிறவருக்கு? போக்குவரத்து வாகன லைசென்ஸ் முன்பு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற மாதிரி இருந்தது. 2019 திருத்தத்தில் ஐந்து வருஷமாக்கிவிட்டார்கள். டாக்டர் சான்றிதழ் வேண்டும், உண்மை. ஆனால் முப்பது வயசுக்காரருக்கும் ஐந்து வருஷம், எழுபது வயசுக்காரருக்கும் ஐந்து வருஷம். அறுபத்தெட்டு வயசில் கையெழுத்து வாங்கியவரின் கண்ணில் அறுபத்தொன்பதில் புரை வளர்ந்தால், எழுபத்துமூன்று வரை அரசாங்கத்துக்குத் தெரியாது. எட்டு வயசு லாரியின் ஹெட்லைட் மேல் நமக்கு இருக்கிற அக்கறை, எழுபது வயசு டிரைவரின் கண் மேல் இல்லை.

மற்றவர்கள் எப்படி? ரயில் ஓட்டுகிறவருக்கு அறுபதில் ஓய்வு, கையில் ஓய்வுக்காலப் பணம். விமானம் ஓட்டுகிறவர் அறுபத்தைந்து வரை பறக்கலாம். ஆனால் அறுபதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. ஜப்பானில் தொழில்முறை லாரி டிரைவர் அறுபத்தைந்தைத் தொட்டால் தனியாக ஒரு திறன் பரிசோதனை உண்டு, அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப உண்டு. அங்கேயும் டிரைவர் பஞ்சம்தான். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 2024 ஏப்ரலிலிருந்து டிரைவர்களின் ஓவர்டைமை வருஷத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வேறு கட்டிவிட்டார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கிறவர்களால்தானே இந்தத் தொழிலே ஓடுகிறது? அவர்களிடம் இருக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் அலமாரியில் இருந்த பொம்மை. அதையும் சேர்த்துச் சுருட்டிய புதிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதில் ஐந்து பேர் என்பது பத்து பேர் ஆகிவிட்டது. வைப்பு நிதிக்கு இருபது பேர் வேண்டும். இரண்டு லாரி முதலாளியிடம் இருபது பேருக்கு எங்கே போவது?

ஓய்வூதியம்? 2019-ல் மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. நாற்பது வயசுக்குள் சேரவேண்டும். அன்றைக்கு ஐம்பது வயசில் ஹைவேயில் இருந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அறுபதுக்குள் பதிவு செய்திருந்தால், அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம். பல மாநிலங்களில் இதுகூடக் கிடையாது என்பதால் பாராட்டுவோம். 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. முப்பதால் வகுத்தால் நாளைக்கு 40 ரூபாய். ஓ.எம்.ஆரில் ஒரு நல்ல ஃபில்டர் காபியும் ஒரு வடையும் வராது.

இப்போது புரிகிறதா, நரைத்த தலைகள் ஏன் இறங்குவதில்லை என்று?

"அப்படி இல்லை ஸார், சில பேர் பிடிச்சுதான் ஓட்டறாங்க. சும்மா உட்கார்ந்தா உடம்பு போயிடும்னு சொல்வாங்க." இப்படி ஒரு கட்சி உண்டு. மதிக்கிறேன். கொச்சியில் எழுபது கடந்த ஒரு அம்மாள் பதினோரு வகை கனரக வண்டிகளுக்கு லைசென்ஸ் வைத்திருப்பதாகச் செய்தி வந்தபோது நானும் சந்தோஷமாகப் படித்தேன். திறமைக்கு வயசு கிடையாது. பல கிழவர்கள் இளசுகளைவிட நிதானமாக ஓட்டுகிறார்கள். ஓவர்டேக் பண்ணி யாரிடமும் வீரம் காட்டவேண்டிய வயசு இல்லை பாருங்கள்! ஆகவே அறுபதானால் லைசென்ஸைப் பிடுங்கு என்று நான் சொல்லமாட்டேன். அது தில்பாக்குக்கு நடந்ததையே எல்லோருக்கும் நடத்துவது.

எனக்கு அலர்ஜி வேறு ஒன்று. 'இந்த வயசிலும் உழைக்கிறார் பாருங்கள்!' என்று பின்னணி இசையோடு வருகிற வீடியோக்கள். கைதட்டு, இதயம், கும்பிடு. எண்பது வயசில் மூட்டை தூக்குகிறவரைப் பார்த்து நாம் எழுச்சி பெற்றுவிடுகிறோம். அவரை யார் தூக்கவைத்தது என்று கேட்பதில்லை. பிடித்து ஓட்டுகிறாரா, வேறு வழியில்லாமல் ஓட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போதுமான ஓய்வூதியத்தை முதலில் கொடுங்கள். அப்புறமும் சாவியைக் கேட்டால், பிடித்துதான் ஓட்டுகிறார்.

ஹாலிவுட்காரர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் எண்பத்தெட்டாவது வயசில் 'தி மியூல்' என்று ஒரு படம் எடுத்து, தொண்ணூறு வயசுக் கிழவராக நடித்தார். பிக்கப் டிரக்கில் போதைப்பொருள் கடத்துகிற கிழவர். கிழவரை யார் சந்தேகப்படுவார்கள் என்பதுதான் கடத்தல்காரர்களின் கணக்கு. 2011-ல் எண்பத்தேழு வயசில் பிடிபட்ட லியோ ஷார்ப் என்கிற நிஜ மனிதரின் கதையிலிருந்து எடுத்தது. ஈஸ்ட்வுட் பாட்டுப் பாடிக்கொண்டு ஜாலியாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் அவர் அந்த டிரக்கில் ஏறுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது? பூச்செடி வியாபாரம் நொடித்து, வீடு கைவிட்டுப் போகிறது. அவ்வளவு ஜாலியான கிழவருக்கும் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தது கடன்தான்.

'மீல் பத்தர்' இந்த ஜாலியையும் கொடுக்கவில்லை, அந்தக் கைதட்டலையும் கேட்கவில்லை. அதுதான் அதன் பெருமை. குறைகள் உண்டு. மெதுவாக நகர்கிறது. காலிப், பாஷ் என்று உருதுக் கவிஞரையும் பஞ்சாபிக் கவிஞரையும் பெயர்களில் கொண்டுவந்து உட்காரவைத்தது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. டிரைவரின் துக்கம் நமக்குப் புரிய அவருக்குக் கவிஞர் பெயர் இருக்கவேண்டுமா? ராமசாமி என்றிருந்தாலும் முதுகு வலிக்கும். தனிமைக்குக் கொடுத்த இடத்தில் கொஞ்சம் சம்பளக் கணக்குக்கும் கொடுத்திருக்கலாம். ஆனால் லாரி டிரைவரை ஒன்றரை மணி நேரம் முகத்துக்கு நேராகப் பார்க்கவைத்த படம் என்று நம் நாட்டில் எத்தனையைச் சொல்லமுடியும்? தமிழில் இப்படி ஒன்று வரவேண்டும். நாமக்கல்லில் தொடங்கி நாவலூரில் முடிகிற கதை. எழுதத் தெரிந்தவர்கள் யோசியுங்கள்.

செய்யவேண்டியது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அறுபதுக்கு மேல் வருஷா வருஷம் கண், ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை. லாரிக்கு எஃப்.சி. போலத்தான். அது அரசாங்கச் செலவில், டிரைவர் பையிலிருந்து அல்ல. புரை என்றால் அறுவை சிகிச்சை செய்து திருப்பி அனுப்புங்கள், அனேகருக்குப் பார்வை திரும்பிவிடும். ராத்திரி நடை வேண்டாம் என்றால், பகல் நடையில் அவர் வயிறு நிறையவேண்டும். ஓட்டவே முடியாது என்றால், 40 ரூபாயைவிடக் கொஞ்சம் மரியாதையான தொகை. பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஒவ்வொரு லாரியும் சாலை வரி கட்டுகிறது, டீசலுக்கு வரி கட்டுகிறது, சுங்கம் கட்டுகிறது. அதில் துளி அந்த வண்டியை ஓட்டியவர் பெயரில் விழட்டும். நாவலூர் சுங்கச்சாவடிக்கே 2023 அக்டோபரில் ஓய்வு கொடுத்தாயிற்று. அதன் வழியாக இத்தனை வருஷம் போய்வந்தவருக்கு மட்டும்தான் பாக்கி.

இதெல்லாம் அரசாங்கம் பண்ணும்போது பண்ணட்டும். ஓ.எம்.ஆர் அடுக்ககத்து வாசகர்களுக்கு என்னிடம் சின்ன வேலை ஒன்று இருக்கிறது. ஒரு லோடு தண்ணீருக்கு எவ்வளவு என்று உங்கள் சங்கச் செயலாளருக்கு அத்துப்படி. ஏறினால் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டையே நடக்கும். அந்தத் தொகையில் ஓட்டி வந்தவருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். செயலாளரிடம் இல்லை, லாரிக்காரரிடம். கேட்கும்போது அவர் முகத்தையும் பார்த்துவிடுவீர்கள்.